விசுவாசமும் ஆண்மையும்

மன்னார்க் கரையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கவனித்தவர்கள் ஒரு காட்சியை நன்கு அறிவர். கோயிலினுள்ளே பெண்களும் பிள்ளைகளும் நிறைந்திருப்பர். முதியவர் சிலர் செபமாலையும் கையுமாக முன்னே அமர்ந்திருப்பர். நடுவயது ஆண்களும் வாலிபர்களுமோ வாசற்படியிலும் மதிலோரத்திலும் முற்றத்து மரநிழலிலும் நிற்பர். பிரசங்கம் தொடங்கியதும் அவர்களிற் சிலர் இன்னும் நாலடி பின்னே நகர்ந்துகொள்வர். எழுந்தேற்ற மணி ஒலித்தால் அத்தனை பேரும் மணலிலே முழந்தாளிடுவர். மணி ஓய்ந்ததும் எழுந்து, சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பழையபடி மரத்தடிக்குப் போய்விடுவர்.

இவர்களுக்கு விசுவாசம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. நடுக்கடலிற் காற்று மாறினால் இவர்கள் வாயில் முதலில் எழுவது தேவமாதாவின் திருநாமமே. திருநாட் காலத்தில் கொடிமரம் நடுவதும், பந்தலிடுவதும், சுரூபத்தைத் தோளிலே சுமப்பதும் இவர்களே. அங்ஙனமாயின் கோயிலினுள்ளே வந்து அமரத் தயங்குவது எதனால்? மன்றாடுவதும், கண்ணீர் விடுவதும், தன் குற்றத்தை வாய்திறந்து ஒப்புக்கொள்வதும் ஆண்மகனுக்கு அழகன்று என்ற எண்ணந்தானா அவர்களை வாசலிலே நிறுத்தி வைக்கிறது? ஆண்மை என்றால் என்ன, விசுவாசம் அதனிடம் எதைக் கேட்கிறது என்று ஆண்களே கோயிலிற் கூடி ஆராயும் வழக்கம் இந்தத் தயக்கத்திலிருந்து பிறந்ததே. அந்த ஆராய்ச்சிக்கு மன்னார் நாட்டின் வரலாறே நல்லதொரு பாடநூலாக இருக்கிறது.

நேயர்களே, உப்புக்குளம் என்பது மன்னார்ப் பட்டினத்தின் ஒரு பகுதி. பெயரிலேயே கடலின் உவர்ப்பைத் தாங்கிய இடம் அது. பள்ளிவாசலின் பாங்கோசையும் கோயில் மணியோசையும் ஒரே காற்றிற் கலந்து வரும் பட்டினம் மன்னார். புனித செபஸ்தியார் பேராலயம் இப்பட்டினத்திலேதான் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தினின்றும் பிரிந்து மன்னார் தனி மறைமாவட்டமானபோது, அக்கோயில் ஆயரின் தலைக்கோயிலாயிற்று. செபஸ்தியார் உரோமாபுரியின் போர்வீரர். அம்புகளால் துளைக்கப்பட்டு நிற்கும் அவருடைய சுரூபத்தைக் காணாத மன்னார்ப் பிள்ளை இல்லை. கையில் ஆயுதம் ஏந்தாமல் உடலிற் காயம் ஏந்தி நிற்கும் அந்த வீரரை இந்நாட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தோளிற் சுமந்து வந்திருக்கின்றனர். ஆண்மையைப் பற்றிய முதற்பாடம் அந்தத் தோளிலேயே தொடங்குகிறது எனலாம்.

கடற்றொழில் ஆணுக்கு ஒருவகை ஆண்மையைக் கற்றுக்கொடுக்கிறது. வள்ளத்திலே தண்டையலின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கரைவலையை இழுக்கும்போது ஒருவன் கை சோர்ந்தால் அத்தனை பேருடைய உழைப்பும் வீணாகும். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் ஒருவருடைய வசதியையும் கேட்டு வீசுவதில்லை. ஆகவே அச்சத்தை வெளிக்காட்டாமை, நோவைச் சொல்லாமை, கூட்டத்தை விட்டு விலகாமை ஆகியவை கடலில் உயிர்காக்கும் குணங்களாகின்றன. ஆனால், கடலில் உயிர்காக்கும் குணம் கரைக்கு வந்ததும் வீட்டை வருத்தும் குணமாக மாறுவதும் உண்டு. வள்ளத்தில் தேவையான அதட்டல் அடுப்படியிலே கொடுமையாகிறது. சொல்லாமல் அடக்கிய நோவு தவறணையிலே கள்ளாகவும் சாராயமாகவும் கரைகிறது. பாடு நன்றாக அமைந்த நாளில் மகிழ்ச்சிக்கென்று குடிப்பதும், பாடு பொய்த்த நாளில் துயருக்கென்று குடிப்பதுமாக, இரண்டு நாளும் ஒரே நாளாகிவிடுகின்றன. வீட்டிலே அரிசிக்குக் காத்திருப்பவளுக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடு தெரிவதில்லை.

சுவிசேடத்தைப் புரட்டுவோர் இங்கே ஓர் ஒற்றுமையைக் காண்பர். இயேசுநாதர் முதன்முதலாக அழைத்த நால்வரும் மீன்பிடிகாரரே. அவர்களில் இராயப்பர் மன்னார்க் கரையின் எந்தச் சம்மாட்டிக்கும் இளைத்தவரல்லர். முன்கோபி, முதலிற் பேசுகிறவர், சாவதற்கும் ஆயத்தம் என்று மார்தட்டியவர். தோட்டத்திலே வாளை உருவி ஒருவனுடைய காதை வெட்டினார். அதே இரவில், ஒரு வேலைக்காரியின் கேள்விக்கு அஞ்சித் தம் குருவையே அறியேன் என்று மும்முறை மறுத்தார். வாளை உருவிய கைக்கு இருந்த துணிவு உண்மையைச் சொல்லவேண்டிய நாவுக்கு இல்லாமற் போயிற்று. பின்னர் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். திருச்சபையின் பொறுப்பு அழுது திருந்திய அந்த மனிதனிடத்திலேயே ஒப்படைக்கப்பட்டது. வாளெடுத்த வீரத்துக்காக அவருக்கு ஒரு புகழ்ச்சியும் கிடைக்கவில்லை. கடற்கரையில் உயிர்த்த ஆண்டவர் அவரிடம் மும்முறை கேட்டது அன்பைப் பற்றிய கேள்வியே. கொடுத்தது மந்தையைப் பேணும் வேலையே.

இனி மன்னாரின் வரலாற்றுக்கு வருவோம். 1542 ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ்கு சவேரியாரின் புகழ் கடல் கடந்து மன்னாருக்கும் எட்டியது. இங்குள்ளோர் அவரை அழைத்தனர். தாம் வர இயலாமையால் அவர் ஒரு குருவை அனுப்பினார். மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். 1544 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி படையோடு வந்து, புதுச் சமயத்தைக் கைவிட மறுத்தவர்களைக் கொல்வித்தான். மாண்டவர் ஏறக்குறைய 600 பேர் என்பர். போர்த்துக்கேயரின் கை தன் நாட்டில் ஓங்கிவிடும் என்ற அரசியல் அச்சமும் அரசனுக்கு இருந்ததென வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். எவ்வாறாயினும், தோட்டவெளியில் இன்றும் வணக்கத்துடன் நினைவுகூரப்படும் அந்த வேதசாட்சிகளிடையே பெண்களும் பிள்ளைகளும் இருந்தனர் என்பதை ஆண்கள் கருத்திற் கொள்ளவேண்டும். விசுவாசத்தில் உறுதியாக நிற்பது ஆணுக்கு மட்டும் உரிய குணமன்று என்பதை இந்நாடு தன் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது.

1658 ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றன. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவில்லாத காலம். செபமாலையைக் கூரைச் செத்தைக்குள் ஒளித்துவைத்து வாழ்ந்தவர்களிடம் 1687 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவர் யோசேப் வாஸ் முனிவர். கோவையைச் சேர்ந்த அல்லர், கோவாவைச் சேர்ந்தவர். காற்றினால் அலைக்கழிக்கப்பட்ட மரக்கலம் மன்னாரிலே அவரை இறக்கியது. பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்திலே செபமாலையோடு, வீடு வீடாகச் சென்று கையேந்தினார். செபமாலையைக் கண்டு கண் கலங்கியவர்கள் யாரோ அவர்களே தம் மக்கள் என்று அறிந்துகொண்டார்.

அவர் செய்த ஏற்பாடு இங்கே முக்கியமானது. தாம் ஓரிடத்தில் நிலைத்திருக்க முடியாதென்பதை அறிந்து, ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். மூப்பர் சபையின் காரியங்களைக் கவனித்தார். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். குரு வராத மாதங்களில் நோயாளியின் அருகிலிருந்து செபித்ததும், இறந்தவரை அடக்கஞ் செய்ததும், ஆபத்து வேளையிற் பச்சைப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இத்தகைய இல்லறத்தாரே. பகலெல்லாம் வலை இழுத்த கைகள் இரவிலே குழந்தையின் நெற்றியில் நீர் வார்த்தன. பிடிபட்டால் தண்டனை உண்டென்று தெரிந்தே அதைச் செய்தார்கள். அக்காலத்து மன்னாரில் பொறுப்புள்ள ஆண் என்றால் இவர்களையே காட்டலாம்.

யோசேப் வாஸ் முனிவருடைய வாழ்க்கையே இன்னுமொரு படி மேலே செல்கிறது. 1697 ஆம் ஆண்டில் கண்டியிலே பெரியம்மை பரவியபோது மக்கள் தம் உறவினரையே காட்டில் விட்டு ஓடினர். முனிவரோ தம் மருமகனாகிய குருவோடு அங்கே தங்கி, கைவிடப்பட்ட நோயாளிகளுக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். சமயம் எதுவென்று கேட்கவில்லை. நோயாளியைக் கழுவுவதும் ஊட்டுவதும் பெண்களின் வேலையென்று ஒதுக்கும் ஆண்கள் இந்த முனிவரை நோக்கவேண்டும். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுமாதாவின் சந்நிதிக்கும் வந்து சேர்ந்தார்.

ஆண் அழலாகாது என்ற கொள்கையையும் இந்நாட்டுக் கோயில் மரபு ஏற்றுக்கொண்டதில்லை. 1705 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து 1742 ஆம் ஆண்டில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், பாடுகளின் துயரை உருக்கமான தமிழில் வியாகுலப் பிரசங்கமாக ஆக்கித் தந்தார். தவக்கால இரவுகளில் ஆண்கள் கோயிலிற் கூடி அதனை இசையோடு வாசித்துப் புலம்புவது வழிவழி வந்த பழக்கம். வெளியில் ஒரு துளிக் கண்ணீரையும் காட்டாத சம்மாட்டிகள் அங்கே குரல் தழுதழுக்க நிற்பதை ஊர் இழிவாகக் கருதியதில்லை. மாதோட்டத்து நாட்டுக்கூத்திலும் இதனைக் காணலாம். ஞானசவுந்தரி நாடகத்திற் கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட பெண்ணின் வேடத்தை ஆண்களே தாங்கினர். பகலிலே தண்டையலாக அதட்டியவன் இரவிலே வஞ்சிக்கப்பட்ட மனைவியாக நின்று பாடினான். அவளுடைய துயரைத் தன் தொண்டையால் ஒருமுறை சொன்னவனுக்குத் தன் வீட்டு அடுப்படியில் நிகழும் துயரம் கொஞ்சமாவது கேட்டிருக்கவேண்டும்.

ஆண்கள் கூடும் சபைகள் பிற்காலத்திற் பலவாயின. இவற்றில் எல்லோரும் அறிந்தது வின்சென்ட் டி போல் சபை. 1833 ஆம் ஆண்டு பாரிசு நகரில், இருபது வயது மாணவராகிய பிரெடெரிக் ஒசானாம் சில தோழரோடு இதனைத் தொடங்கினார். உங்கள் விசுவாசம் ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று எதிர்க்கட்சியார் கேட்ட கேள்விக்கு அவர்கள் வாதத்தால் விடை சொல்லாமல், விறகைச் சுமந்துகொண்டு ஏழை வீட்டுக்குச் சென்றனர். இச்சபையின் கூட்டம் எளிமையானது. செபம், சிறிது ஞானவாசகம், சென்ற வாரம் சந்தித்த குடும்பங்களைப் பற்றிய அறிக்கை, பின்னர் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. இருவர் இருவராகவே வீடுகளைச் சந்திப்பர். உதவி பெற்றவர் பெயரை வெளியிற் சொல்லார். கொடுத்ததைப் பறைசாற்றுவதே பெருமை என்று எண்ணும் ஆணுக்கு, இரகசியமாகக் கொடுப்பது கடினமான பயிற்சிதான்.

மேல்நாடுகளிலும் இதே கவலை எழுந்ததுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சமயம் பெண்களுக்குரியதாகிவிட்டது, ஆண்கள் விலகிப்போகின்றனர் என்று இங்கிலாந்திலே பலர் முறையிட்டனர். சார்ள்ஸ் கிங்ஸ்லி, தோமஸ் ஹியூஸ் முதலிய எழுத்தாளர் உடல்வலிமையையும் விளையாட்டையும் சமயத்தோடு இணைத்துப் பேசினர். 1844 ஆம் ஆண்டில் இலண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய வாலிபர் கிறீஸ்தவ சங்கமும் காலப்போக்கில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் பேர்போனது. மேசையருகே அமர்ந்து வேலை பார்க்கும் நகரத்தவனுக்கு அது பொருத்தமான மருந்தாக இருக்கலாம். வலையிழுத்துக் காய்த்துப்போன கையுடையவனுக்கு உடல்வலிமையைப் பற்றி யாரும் பிரசங்கிக்க வேண்டியதில்லை. அந்த வலிமை யாருக்காக என்ற கேள்வியே அவனுக்கு உரியது.

இக்கேள்விக்கு விடையாகவே திருச்சபை சூசையப்பரை முன்வைக்கிறது. 1870 ஆம் ஆண்டில் ஒன்பதாம் பத்திநாதர் அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். 1955 ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் நாளைத் தொழிலாளியாகிய சூசையப்பரின் திருநாளாக்கினார். 2020 டிசெம்பர் தொடங்கி ஓராண்டு சூசையப்பர் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. சுவிசேடங்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. இரவிலே எழுந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்நிய நாட்டுக்கு ஓடினார். தச்சுவேலை செய்து பிழைப்பூட்டினார். பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். அவமானத்துக்கு ஆளாகக்கூடிய ஒரு பெண்ணை ஊர் முன்னே நிறுத்தாமற் காத்தார். மன்னார் நாட்டவர்க்கு இது பழங்கதையாகத் தோன்றாது. பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இரவிலே ஓடிய அனுபவம் இங்கே பல தந்தையர்க்கு உண்டு.

ஆம், போர்க்காலத்தைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க முடியாது. 2006 ஆம் ஆண்டு யூன் 17 ஆம் நாள், பேசாலை வெற்றி அன்னை ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேலே கைக்குண்டு வீசப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் மடுமாதாவின் சுரூபமே இடம்பெயர்ந்தது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் ஓய்ந்தபோது, காணாமற்போன பிள்ளைகளைத் தேடி நின்றவர்களிற் பெரும்பாலோர் தாய்மாரே. தந்தையரின் துயரம் வாய்திறக்கவில்லை. சொல்லத் தெரியாத துயரம் சினமாகவும் குடியாகவும் வெளிப்பட்ட வீடுகள் உண்டு. ஆண்கள் கோயிலிற் கூடுவதன் முதற்பயன் இதுவாகலாம்: தன்னைப் போன்ற இன்னொருவன் முன்னிலையில், வெட்கமின்றி, இழந்ததை இழந்தேன் என்று சொல்ல ஓரிடம் கிடைக்கிறது.

இன்னுமொரு கடினமான நினைவும் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். 75,000 பேர் வரையில் வீடுவாசல்களை விட்டுச் சென்றனர். உப்புக்குளத்தாரும் அவர்களுள் அடங்குவர். ஒரே கடலில் அருகருகே வலைவிரித்த அயலவர் சென்றபோது கண்ணீர் விட்டோரும் உண்டு; வாளாவிருந்தோரும் உண்டு. ஆண்டுகள் பல கழிந்து அவர்கள் மீண்டபோது, 2012 ஆம் ஆண்டு யூலையில் உப்புக்குளத்து இறங்குதுறை பற்றி முஸ்லிம் மீனவருக்கும் தமிழ் மீனவருக்கும் இடையே பிணக்கு மூண்டது. அது நீதிமன்றத்தையும் கலக்கியது. வாளாவிருந்தது அச்சத்தாலா, அசட்டையாலா? துறையிலே இடம் விட்டுக்கொடுப்பது தோல்வியா? ஆண்மையைப் பற்றிக் கோயிலிலே பேச விரும்புவோர் இக்கேள்விகளை விலக்கிவிட்டுப் பேசுவாராயின், அப்பேச்சு இராயப்பரின் வாள்வீச்சாகவே முடியும்.

ஆண்கள் மட்டும் கூடுவது ஆண்களின் ஆதிக்கத்தை வலுப்படுத்தாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மூப்பர் பதவிக்காகவும், சுரூபத்தைச் சுமக்கும் உரிமைக்காகவும், சாதியின் பெயராலும் கோயில்களில் நிகழ்ந்த சண்டைகளை யாரும் மறுக்க முடியாது. பொறுப்பாகத் தொடங்கியது உரிமையாகவும், உரிமை பெருமையாகவும் திரிந்ததன் விளைவே அது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், பொதுநிலையினரின் பணி ஆண் பெண் இருபாலார்க்கும் உரியதென்பது தெளிவாகியிருக்கிறது. போருக்குப் பின்னர் இக்கரையில் எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே தனித்துத் தாங்குகின்றனர். ஆண்களின் கூட்டம் நல்லதா தீயதா என்பதை அக்கூட்டத்திலே கேட்டறிய முடியாது. கூட்டம் முடிந்து ஆண்கள் திரும்பிச் செல்லும் வீடுகளில் உள்ள பெண்களிடம் கேட்கவேண்டும். உழைத்த பணம் முழுமையாக வீடு வந்ததா? குரல் தாழ்ந்ததா? நோயாளிப் பிள்ளையோடு விழித்திருக்க இன்னொருவர் கிடைத்தாரா? இவற்றிற்கு ஆம் என்ற விடை வருமாயின் அக்கூட்டத்தில் இறைவன் இருந்தார் என்று துணிந்து கூறலாம்.

மூப்பரும் அண்ணாவியாரும் குருவில்லாத காலத்திலே கோயிலைக் காத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று குரு உள்ள கோயிலின் வாசலிலே, மரநிழலில் நிற்கின்றனர். அந்த மரத்தடிக்கும் கோயிலின் உட்புறத்துக்கும் இடையே உள்ள தூரம் இருபது அடிதான். கரைவலையை இழுக்கும்போது அடுத்தவன் சோர்ந்தால் அவன் பாரத்தையும் சேர்த்து இழுக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த இருபது அடியைக் கடப்பது ஆகாத காரியமன்று.